பத்துப் புள்ளி ஒன்பது எடுத்த போல்ட்

சிஞ்ஞோராவுக்குப் பனி பார்க்க ஆசை. இத்தாலிய வீட்டுக்கார அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வயது எண்பத்திரண்டு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பாலெர்மோ ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். "வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் காலை வரைக்கும் எனக்கு விடுதலை" என்பார். அந்தத் தை மாதம், மலையிலுள்ள அவரது பழைய வீட்டுப் பக்கம் பனி விழுந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சனி போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. அவரோடு தங்கியிருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் பெட்டி கட்டியதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் நாங்கள் அங்கேயே கிடந்தோம்.

சனியன்று பிடித்த பனி திங்கள் மாலைதான் விட்டது. வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு முந்நூறு மீற்றர் ஒழுங்கை. அதில் பனி என் இடுப்பளவு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் ஞாயிறு வந்து, டிராக்டரின் பின்னால் பூட்டியிருந்த பனி வீசும் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார். வாசலைத் தாண்டுவதற்குள் அது நின்றுவிட்டது. "போல்ட் முறிந்துவிட்டது, நாளைக்கு ஒன்று கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்கு நடந்து போனார். பிறகு அவர் ஊர்ப் பாதையும் மூடிப்போனது. அவருடைய தொலைபேசியும் பேசவில்லை.

திங்கள் சுத்திகரிப்பு தவறியது. செவ்வாய் விடிந்தபோது சிஞ்ஞோராவின் கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அமத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே இருந்தார். ஆஸ்பத்திரி டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். "இன்று பின்னேரத்துக்குள் அவர் இங்கே இருக்க வேண்டும். நாளை என்று என்னிடம் சொல்லாதீர்கள்" என்றார். பெருந்தெருவைத் திறந்துவிட்டார்கள், பன்னிரண்டு மணிக்கு ஒழுங்கை முகப்புக்கு வருகிறோம் என்றார்கள் அம்புலன்ஸ்காரர்கள். முகில் இறங்கியிருந்ததால் ஹெலிகொப்டர் இல்லை. மிலானோவில் இருக்கும் மகனுக்கு எடுத்தேன். "தேவையானதை எல்லாம் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தேவையானதைச் செய்ய வீட்டில் இரண்டே பேர். ஒருவருக்கு நடக்க முடியாது. மற்றவருக்குச் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது.

என் மனுசனுக்கு எடுத்தேன். அவர் அப்போது பாலெர்மோவுக்குப் பக்கத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "இதிலை என்ன கிடக்கு?" பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றபோதும், எனக்குப் பிள்ளை பிறக்கப்போனபோதும் அதையேதான் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, மெசின் வேலை செய்யேல்லை. மனிசிக்கு மூச்சு இழுக்குது. நான் என்ன செய்ய?"

"அழாதையும். முதல்லை டிராக்டரை ஸ்டார்ட் பண்ணும். இதிலை என்ன கிடக்கு?"

"உங்களுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமோ?"

"நான் ஓட்டேல்லை. ஆனா எத்தினை தரம் பின்னாலை பூட்டின பெட்டியிலை ஏறிப் போயிருக்கிறன்."

அந்த அனுபவத்தை நம்பித்தான் ஏறி இருந்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. கிளச்சை மிதிக்கச் சொன்னார், மிதித்தேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், அதையும் மிதித்தேன். அப்போது குசினி யன்னல் திறந்தது.

"மஞ்சள் கைப்பிடி!" சிஞ்ஞோரா ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தார். "அதைக் கீழே இறக்கு. மேலே இருந்தால் ஸ்டார்ட் ஆகாது. என் புருஷன் நாற்பது வருசம் மறந்து மறந்து, டிராக்டரையே திட்டினார்."

இறக்கினேன். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு டிராக்டர் உயிர் பெற்றது. வேகம் மாற்றும் தடியில் ஒரு பக்கம் முயல் படம், ஒரு பக்கம் ஆமைப் படம். ஆமையைப் பிடித்தேன். மஞ்சள் கைப்பிடியைத் தூக்கியதும் டிராக்டரிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் தண்டு விர்ரென்று சுழன்றது. ஆனால் பனியை அள்ள வேண்டிய பெரிய திருகுத் தகடு அசையவில்லை.

இறங்கி ஓடினேன்.

"நில்! என்ஜினை நிறுத்து. சாவியைக் கையில் எடுத்துக் காட்டு" என்று யன்னலிலிருந்து சத்தம் வந்தது. சாவியைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் இயந்திரத்தைத் தொட விட்டார். புருஷனுக்கு ஒரு விரல் இல்லாமல் போன கதையை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

தண்டும் தகடும் சேரும் இடத்தில் ஒரு துளை. அதற்குள் முறிந்த போல்ட்டின் பாதி நின்றது. இறைச்சி தட்டும் சுத்தியலையும் ஒரு ஸ்குரூ டிரைவரையும் எடுத்து வந்து தட்டினேன். விரல்கள் மரத்துவிட்டன. இரண்டு அடி போல்ட்டில் விழுந்தால் மூன்றாவது என் பெருவிரலில் விழுந்தது. மணி பத்தைத் தாண்டிய பிறகுதான் துண்டு வெளியே வந்தது.

கொட்டிலில் ஒரு பழைய கோப்பி டின் இருந்தது. அதிலிருந்த போல்ட்டுகளில் இரண்டு விதம்தான் துளைக்குள் போயின. மங்கலாக நாலைந்து, கறுப்பாகப் பளபளத்தது ஒன்றே ஒன்று.

"இஞ்சேருங்கோ, ரெண்டு விதம் கிடக்கு. எதைப் போட?"

"தலையிலை நம்பர் கிடக்கோ பாரும்."

"ஓம். ஒண்டிலை நாலு புள்ளி ஆறு. மற்றதிலை பத்துப் புள்ளி ஒன்பது."

"இதையும் என்னட்டைக் கேக்கிறீர்? பத்து எடுத்தவன் நிக்க, நாலு எடுத்தவனை ஆராவது கூப்பிடுவினமே? முதல் இருந்தவன் முறிஞ்சதே மார்க் காணாமல்தான். பத்தைப் போட்டு நல்லா இறுக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊருக்குப் பார்சல் கட்டினால் மூன்று சுற்று டேப் ஒட்டி, அதற்கு மேல் நைலோன் கயிறும் போட்டுக் கட்டுகிற ஆட்கள் நாங்கள். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்ட பிறகுதான் ஒரு குழந்தையின் பெயரையே கேட்போம். பத்துப் புள்ளி ஒன்பதைப் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கினேன்.

தகடு சுழன்றது. பனி குழாய் வழியே எழுந்து வேலிக்கு அப்பால் கொட்டியது. இயந்திரம் பின்னால் இருப்பதால் பின்பக்கமாகத்தான் போகவேண்டும். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆமை வேகத்தில் போனேன். யன்னலில் சிஞ்ஞோரா கை தட்டியது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. சட்டைப் பைக்குள் இருந்த கைத்தொலைபேசியில் என் மனுசன் கடைக் குசினி முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தார்: "என்ரை மனிசி டிராக்டர் ஓட்டுறா!"

இருநூறு மீற்றருக்கு மேல் போயிருப்பேன். பெருந்தெருவின் இரும்புத் தடுப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது பனிக்கடியில் எதுவோ தகட்டில் மாட்டியது. விழுந்து கிடந்த வேலித்தூண், கம்பியோடு. டிராக்டர் ஒருமுறை குலுங்கியது. எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்ஜினை நிறுத்தி, யாரும் பார்க்க முடியாத அந்த இடத்திலும் சாவியைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். பல்லுச் சக்கரங்கள் இருந்த இரும்புப் பெட்டி பிளந்து, கறுப்பு எண்ணெய் பனியில் வழிந்துகொண்டிருந்தது.

"உடைஞ்சு போச்சு. முழுக்க உடைஞ்சு போச்சு. இதிலை என்ன கிடக்கெண்டு இப்ப சொல்லுங்கோ! சொல்லுங்கோ!"

மறுபக்கம் கோப்பைகளை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு தூரம் மிச்சம்?" என்றார், மெதுவாக.

"அறுபது மீற்றர் இருக்கும்."

"அப்ப மெசினை விடும். சவளை எடும்."

வீட்டுக்கு ஓடினேன். பனி அள்ளும் சவளையும் கட்டில் விரிப்புகளையும் தோட்டத்துக் கைவண்டியில் போட்டு, சிஞ்ஞோராவைத் தூக்கி அதில் இருத்தினேன். வீக்கத்தோடு அவர் கனத்துக் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"என் கல்யாணத்துக்குக்கூட... இப்படி ஊர்வலம்... இல்லை" என்றார்.

"கதைக்காதைங்கோ" என்று தமிழில் கத்தினேன். விளங்கியது போல வாயை மூடிக்கொண்டார்.

டிராக்டருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெட்டத் தொடங்கினேன். ஒரு சவள் அள்ளினால் அரைச் சவள் திரும்பி விழுந்தது. கை தோளிலிருந்து கழன்று தொங்குவது போல இருந்தது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. நான் கூப்பிட்டால் ஒரு விரல் மட்டும் அசைந்தது. எத்தனை மீற்றர் வெட்டினேன் என்று தெரியாது. பத்துக்கூட இராது. பிறகு வெட்டுவதை விட்டுவிட்டு, பெருந்தெருவைப் பார்த்து வாய்க்கு வந்த மாதாவை எல்லாம் கூப்பிட்டுக் கத்தினேன்.

சத்தம் கேட்டுத்தான் வந்தோம் என்று பிறகு அவர்கள் சொன்னார்கள். அம்புலன்ஸ்காரர் இருவர் பனியை நெஞ்சால் பிளந்துகொண்டு வந்தார்கள். தாங்கள் கொண்டு வந்த நாற்காலியில் சிஞ்ஞோராவை இறுக்கிக் கட்டி, தோளுக்கு மேலே தூக்கிப் போனார்கள். அவர்கள் மிதித்த தடத்தில் நான் விழுந்தெழும்பிப் போனேன். பாலெர்மோ வரை நான் பிடித்திருந்த கை சில்லிட்டே இருந்தது. மூன்று மணிக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் பூட்டினார்கள். உதட்டு நிறம் திரும்ப ஐந்து மணியானது.

அடுத்த சனிக்கிழமை காவல்காரர் பாலெர்மோ வீட்டுக்கு வந்தார். என் மனுசனும் அங்கே இருந்தார். கடுதாசியில் சுற்றி வந்த போல்ட்டைக் காவல்காரர் மேசையில் வைத்தார். பளபளத்த அதே பத்துப் புள்ளி ஒன்பது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"அந்த இடத்துக்கு மென்மையான போல்ட்தான் போடவேண்டும்" என்றார். "கல்லில் மாட்டினால் அது முறியும், இயந்திரம் தப்பும். அதற்காகத்தான் அது. அந்த டின்னை நானே மறந்துவிட்டேன்; நாலு புள்ளி ஆறு அதிலேயே இருந்ததே? முறிந்திருந்தால் இன்னொன்று போட்டுத் தெரு வரைக்கும் போயிருப்பாய்."

என் மனுசன் போல்ட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "எல்லாரையும் முறிச்சுப்போட்டு இவர் மட்டும் தப்பி வந்திருக்கிறார்" என்றார் என்னிடம்.

"என்ன சொல்கிறான்?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் சிஞ்ஞோரா. மார்க் விசயத்தை முதலிலிருந்து சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"மிலானோவிலிருக்கிற என் மகனும் எப்போதும் முதல் மார்க்தான்" என்றார், இருமல் அடங்கியதும்.

பிறகு, உடம்பில் நீர் சேரக்கூடாதென்று நாள் முழுக்க ஒரே ஒரு சின்னக் கோப்பைக்குத்தான் அனுமதி, அதையும் காலையிலேயே குடித்தாயிற்று என்று தெரிந்தும், கோப்பி கேட்டார். அரைக் கோப்பை போட்டுக் கொடுத்தேன்.