ஆடுகிற கல்லும் என் பெண்ணின் ராசியும்

மூன்று வாரத்துக்கு முன்னால் என் வீட்டு ஹாலில் அடுத்தடுத்து மூன்று கையுறைகள் கிழிந்தன.

கிழித்தது என் மகள் கயல். விழுப்புரத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. கையுறை இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் கிடையாது. அன்று சாயங்காலம்தான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவளுடைய நிச்சய மோதிரம் வந்திருந்தது. மோதிரத்தைப் போட்டுக்கொண்டு அதன் மேல் கையுறையை இழுத்தாள் — டர்ர். இன்னொன்று — டர்ர். மூன்றாவதும் — டர்ர்.

“அடுத்தவன் ரத்தம் என் வெரல்ல படும்ப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் கொசுவையும் செல்போன் ரீல்ஸையும் திட்டி எழுதிக்கொண்டிருந்தேனே... உண்மையில் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த மோதிரம். காரியம் முடியட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது. இனி எனக்கென்ன?

பெண்ணுக்கு மோதிரம் மாப்பிள்ளை வீட்டார் போடுவது. மாப்பிள்ளை பிரபுவுக்குக் கோலியனூர் பக்கம். நல்ல பையன். ‘உனக்குப் புடிச்ச மாதிரி செய்யலாம்’ என்று அவன் சொன்னதும் கயல் ஒரு பேப்பரில் படம் போட்டே கொடுத்தாள். கல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, தங்கத்துக்குள் புதைந்து இருக்க வேண்டும், கையுறையில் மாட்டிக் கிழிக்கக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதியும் கொடுத்தாள். விழுப்புரத்தில் அவர்கள் வழக்கமாகப் போகிற நகைக்கடையில் ஆர்டர் கொடுத்தார்கள்.

வந்தது என்ன? நாலு கொக்கி போட்டு, கல்லைக் கோபுரம் மாதிரி தூக்கி நிறுத்திய மோதிரம்.

சரி, டிசைன்தான் மாறிவிட்டது, வேலையாவது ஒழுங்கா என்று போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு கொக்கியில் மூன்று கல்லைப் பிடித்திருந்தன. நாலாவது காற்றைப் பிடித்திருந்தது. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நகத்தால் தொட்டால் ஆடியது. கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோடு. குங்குமம்.

மோதிரத்தை முதலில் குலதெய்வத்திடம் கொண்டுபோய், குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் சைஸ் பார்க்க எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்குக்கு நடுவே வந்தது. எங்கள் வீட்டில் பத்துப் பேர் அதை வாங்கினார்கள். பத்துப் பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர்கூட உற்றுப் பார்க்கவில்லை — நான் உட்பட! குங்குமம் வைத்த பொருளை நாம் பார்ப்பதில்லை. கும்பிடுகிறோம். செய்தவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

நான் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். வேலையில் குறை என்றால் எனக்கு மூக்கில் வேர்க்கும். கடைக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். என் மனைவி செல்வி வாசலை மறித்துக்கொண்டாள்.

“நீங்க சும்மா இருங்க. அது அவங்க வூட்டு மோதரம். பொண்ணு வூட்டுக்காரங்க நொட்டை சொல்லலாமா?”

“கல்லு ஆடுது செல்வி.”

“ஆடட்டும். வுழுந்தா அப்பால பாத்துக்கலாம்.”

விழுந்தால் பார்த்துக்கொள்ளலாமா? விழுந்தால் என்ன பேசுவார்கள் என்று செல்விக்குத் தெரியாதா? கொக்கியை மடக்காமல் விட்டவனை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ‘நிச்சய மோதரத்துல கல்லு வுழுந்துட்ச்சாமே... பொண்ணு ராசி எப்டியோ’ என்பார்கள். அப்புறம் அந்த வீட்டில் மாடு காலை உடைத்துக்கொண்டாலும் போர்வெல் வற்றினாலும் என் பெண்தான் காரணம். எவனோ ஒருத்தன் சோம்பேறித்தனத்துக்கு என் பெண்ணின் ராசி ஜாமீன் நிற்க வேண்டுமா? என்னய்யா நியாயம் இது?

இதை அப்படியே கத்தினேன். செல்வி வழி விட்டாள். ஆனால், “கல்யாணம் நின்னுச்சுன்னா நான் உங்களாண்ட பேசவே மாட்டேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை.

முதலில் பிரபுவுக்குப் போன் போட்டேன். “நீங்க சொல்றது கரெக்ட்டு மாமா... ஆனா அம்மாகிட்ட நீங்களே பேசிடுங்களேன்” என்று நழுவிவிட்டான். நல்ல பையன் என்றுதான் சொன்னேன், வீரன் என்று சொல்லவில்லை.

அவன் அம்மா அலமேலுவிடம் பேசினேன். சுற்றி வளைக்கவில்லை. “சம்பந்தி, மோதரம் சரியில்ல. கல்லு ஆடுது. கயல் கேட்ட மாதிரியும் இல்ல. திருப்பிக் குடுக்கணும்.”

“நாளைக்கு மத்தியானம் கடைக்கு வந்துடுங்கண்ணா. நானும் வர்றேன்” என்றார். வைத்துவிட்டார். கோபமா, இல்லையா? ஒன்றும் பிடிபடவில்லை. அன்று ராத்திரி இரண்டு காயிலைத் தப்பாகக் கட்டிப் பிரித்தேன்.

மறுநாள் கடை. கயல் சாப்பாட்டு நேரத்தில் லேப்பிலிருந்து நேராக வந்தாள். கடைக்காரர் எங்களை உட்கார வைத்து ஜில்லென்று குடிக்கக் கொடுத்தார். மோதிரத்தை வாங்கி, அரை நொடி பார்த்தார்.

“ஹேண்ட் மேட் சார். கையால செஞ்சா முன்ன பின்னதான் இருக்கும்.”

“நானும் கையாலதான் மோட்டார் கட்டறேன். முன்ன பின்ன ஓடுனா வுட்டுடுவாங்களா?”

கயல் தன் பேப்பரின் போட்டோவைப் போனில் எடுத்துக் காட்டினாள். “கல்லு தூக்கிக்கினு நிக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்தேன் அண்ணா.”

“அட, கொக்கி போட்டாத்தாம்மா கல்லு எடுப்பா தெரியும். பொண்ணுங்களுக்கு அதான் புடிக்கும்.”

“எந்தப் பொண்ணுக்கு?”

அவர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “சார், பெரியவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா? குங்குமம் வெச்சு சாமி கும்புட்ட மோதரம். இத மறுபடி நெருப்புல காட்னா பொண்ணுக்கு ஆவாது. நல்ல காரியம் நடக்கற நேரத்துல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

எனக்கு ஏறிவிட்டது. “எங்க ஊர்ல புது மோட்டாருக்கும்தான் சூடம் காட்டி, பொட்டு வெச்சு ஓட்றான். எரிஞ்சா பொட்டோட தூக்கினு என்கிட்டதான் வர்றான். சாமிக்குக் காட்டியாச்சு, பிரிக்க மாட்டேன்னு நான் சொன்னா, ஸ்பேனர எடுத்து மண்டையிலயே போடுவான்!”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அந்தக் குங்குமம் போய்த்தான் கல்லு லூசாயிருக்கும் சார்” என்றார் கடைக்காரர். “கல்லு ஒழுங்கா உக்காந்திருந்தா குங்குமம் எப்டிய்யா உள்ள போகும்?” என்றேன்.

அந்த நேரத்தில்தான் அலமேலு உள்ளே வந்தார். வாசலில் நின்று பாதியைக் கேட்டிருப்பார் போல. மோதிரத்தை வாங்கினார். காதோரம் வைத்து ஆட்டினார். கல் கிலுக் கிலுக் என்றது. கடைக்காரர் முகம் மலர்ந்தது. “வாங்கம்மா... நீங்களே சொல்லுங்க, சாமிக்கு வெச்சத—”

“கல்யாணம் ஆன மூணாம் மாசம் என் தோட்டுக் கல்லு ஒண்ணு மல்லாட்டை பயிரு வெச்ச கொல்லையில வுழுந்துட்ச்சு” என்றார் அலமேலு. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “அந்த வருசம் மழையில்ல. என் மாமியார் சாவற வரைக்கும் அந்தக் கல்லத்தான் சொல்லிச்சு. கல்லு ஆடுதுன்னு எனக்கு நிச்சயத்தன்னிக்கே தெரியும். சொல்லாதடின்னுட்டாங்க எங்க வூட்ல.”

பிறகு மோதிரத்தைக் கண்ணாடி மேசை மேல் வைத்துக் கடைக்காரர் பக்கம் தள்ளினார்.

“குங்குமம் வெச்சவ நான்தான். நான் சொல்றேன், நெருப்புல போடு. இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த மாதிரி செஞ்சு குடு. ஜல்தியா குடு, அடுத்த ஞாயித்துக்கெழம நிச்சயம்.”

கடைக்காரர் ஆர்டர் புக்கை எடுத்தார்.

நான் சண்டைக்கென்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்ததில் பாதி மிச்சமிருந்தது. அதைப் பேச ஆளில்லாமல் போய்விட்டது. வெளியே வந்ததும் அலமேலு கயலிடம், “நீ ஏம்மா என்கிட்ட நேரா சொல்லல?” என்று கேட்டார். கயல், “எங்கம்மா வாணான்னாங்க அத்தை” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். செல்வி மேல் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவளுக்கும் யாரோ ஒருத்தர் ‘சொல்லாதடி’ என்று சொல்லிக் கொடுத்ததுதானே? நம் வீடுகளில் பெண்களுக்கு நகையோடு சேர்த்து இதையும் போட்டு அனுப்புகிறோம்.

ஐந்தாம் நாள் மோதிரம் வந்தது. கல் தங்கத்துக்குள் உட்கார்ந்திருந்தது. கயல் கடையிலேயே நின்று கையுறை போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். கிழியவில்லை. உள்பக்கம் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அதையும் சொன்னேன். அதையும் தேய்த்துக் கொடுத்தார்கள். இந்த முறை யாரும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நாலு பேர் உற்றுப் பார்த்த பிறகுதான் அலமேலு குங்குமத்தை எடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் முடிந்தது. பிரபு மோதிரம் போட்டபோது என் பெண் சிரித்த சிரிப்பு... விடுங்கள், அதை எழுத எனக்கு வராது.

பந்தியில் சாம்பார் வாளியோடு நான் வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பக்கத்து அம்மா ஒருவர் பக்கத்து இலைக்காரியிடம் கிசுகிசுத்தார் — “மோதரம் சரியில்லன்னு திருப்பி அனுப்புன வூடாமே இது?”

நான் நின்றேன். அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

“ஆமாம்மா. அந்த வூடுதான். நல்லா சாப்புடுங்க.”