முழுப் பேர்

என் மகளின் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆசிரியை வீட்டுப்பாடத்தை அனுப்பினால் அடுத்த நிமிடமே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். அதில் ஒரு சோடி என்னுடையது. போன மாதக் கூட்டத்தில் பள்ளிக்கூட அதிபர் ‘பெற்றோரின் பங்களிப்பு’ பற்றி நீட்டி முழக்கினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது ஹட்டன் பக்கம், எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கே பெற்றோரின் பங்களிப்பு என்றால் சிரமதானம். அப்பாமார் மண்வெட்டியோடு வந்து மைதானத்துப் புல்லைச் செதுக்குவார்கள். அம்மாமார் தேத்தண்ணி ஊற்றுவார்கள். படிப்பு பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது படிப்பிக்கிற சேர்மார் பாடு என்று விட்டுவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. தேறினால் டவுனில் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும். தேறாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடமே கதி. அங்கிருந்து மேலே படிக்கப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதெல்லாம் அம்மாவின் கவலை. என் கவலை வேறு. இடைவேளைக்குப் பிறகு எங்கள் வகுப்புக்கு யாரும் வருவதில்லை. மணி அடித்த பிறகும் மைதானம் எங்களுடையதுதான். உலகத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் எங்களுடையதுதான் என்று நான் மனதார நம்பினேன். இந்தச் சுகத்துக்கு எந்தக் கெடுதலும் வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

மைதானத்துக்கு நேர் மேலே தேயிலை மலை. அங்கே கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்தால் எங்கள் வெள்ளைச் சட்டைகள் தெரியும். ஒரு நாள் அம்மா கேட்டார்:

“ஏன்டி, ஒங்களுக்கு மட்டும் இடைவேள முடியவே முடியாதா?”

“முடியாதும்மா,” என்றேன் பெருமையாக.

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்துவிட்டார். வேலை நாளில் வைக்கிற கூட்டம். வழக்கமாக, நாங்கள் நானா என்று கூப்பிடும் சந்திக் கடைக்காரரும் இன்னும் இரண்டொருவரும்தான் வருவார்கள். அன்று அம்மாவோடு மலையிலிருந்து ஒரு கூட்டமே இறங்கி வந்தது. கூடைகளை வாசலில் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

எங்கள் வகுப்பு சேர் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வருடம்தான் வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் அவர் பேச்சு எங்களுக்கும் எங்கள் பேச்சு அவருக்கும் பாதிதான் பிடிபடும். ஏதாவது கேட்க இருக்கிறதா என்று அவர் கேட்டதும் அம்மா எழுந்தார்.

“சேர், எங்க புள்ளைக்கு முழுப் பேருங்களா, அரைப் பேருங்களா?”

“முழுப் பேரோ? இடாப்பிலை இருக்குது அம்மா, வாசிக்கிறன்,” என்ற சேர், வரவு இடாப்பைத் திறந்து அப்பாவின் பெயரோடு சேர்த்து என் பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“உள்ளேன் சேர்!” என்று ஜன்னலிலிருந்து கத்திவிட்டேன். பழக்க தோஷம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கடை நானாதான் இடையில் புகுந்தார். அவர் தோட்டத்தோடு வியாபாரம் செய்து பழகியவர். “அவங்க கேக்குறது அது இல்ல சேர். தோட்டத்துல சொன்ன அளவு கொழுந்து எடுத்தா ஒரு பேர் போடுவாங்க, முழு நாள் சம்பளம். கொறஞ்சா அரைப் பேர். புள்ள பள்ளிக்கூடத்துல முழு நாளும் படிக்குதான்னு கேக்குறாங்க.”

சேர் இடாப்பை மூடினார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

“அப்பிடியெண்டால் அரைப் பேர்தான் அம்மா,” என்றார். “இடைவேளைக்குப் பிறகு நான் ஏழாம் வகுப்புக்குப் போகவேணும். அங்கை படிப்பிக்க ஆளில்லை. கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனம்.”

“அப்ப மத்த அரைப் பேருக்கு நாங்க ஒரு ஆள் விட்டா சேத்துக்குவீங்களா?”

கூட்டத்தில் இருந்த எங்கள் அதிபர் குறுக்கிட்டார். “சேத்துக்கலாம். ஆனா சம்பளம் குடுக்க வழி இல்லியேம்மா.”

“அத நாங்க பாத்துக்கிறோம்.”

அடுத்த வாரமே என் சுகம் பறிபோனது. கீழ் லயத்து வீடுகளிலிருந்து அக்கா ஒருவர் இடைவேளை முடிந்த கையோடு வகுப்புக்குள் வந்து நின்றார். உயர்தரப் பரீட்சை தேறி, வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து, கடைசியில் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். விரல்களில் கறை அப்படியே இருக்கும். கணக்கைப் பிழையாகச் செய்தால் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். மைதானத்தைத் திரும்பிப் பார்க்கவும் விடமாட்டார். நான் வீட்டில் அழுது பார்த்தேன். “முழுப் பேருன்னா அப்படித்தான்,” என்று அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்தார்.

அக்காவை அரசாங்கம் அனுப்பியது என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். நான் வேலைக்குப் போன பிறகு, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஆசிரியையாகிவிட்டிருந்த அவரை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். காலைக் கொழுந்தை எடை போட்டதும் கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவாராம். நியாயமாகப் பார்த்தால் பகல் நிறுவைக்கு அந்தக் கூடை காலியாக இருக்க வேண்டும். ஒரு நாளும் அப்படி இருந்ததில்லையாம். எங்கள் வகுப்பில் பிள்ளை படித்த ஒவ்வொரு பெண்ணும் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அதில் போடுவாளாம். அப்படிப் போட்டுவிட்டுத் தன் அளவு குறைந்து அரைப் பேரோடு வீட்டுக்குப் போனவர்களும் உண்டாம். கங்காணி எல்லாம் தெரிந்தும், நிறுக்கும் நேரத்தில் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருப்பாராம். அவருடைய மகனும் எங்கள் வகுப்புதான். பஸ் வந்து போயிற்று. நான் ஏறவில்லை. பட்டப்பகலில், அத்தனை பேருக்கு நடுவே, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் தேறியிருந்தேன். சாயந்தரம் மலையிலிருந்து இறங்கிய பெண்கள் யாரும் தங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே எங்கள் லயத்துக்கு வந்தார்கள். “நாங்க பாஸாயிட்டோம்டி!” என்று ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளினார். “பாஸாயிட்டோம்ல!” என்று இன்னொருவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். மகன் தேறாத கங்காணிகூட வந்து, “பரவால்ல, நாம பாஸாயிட்டோம்,” என்று அப்பாவின் தோளைத் தட்டினார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. விடிய எழுந்து பாடமாக்கியது நான். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது நான். இவர்கள் எல்லோரும் எப்போது பாஸானார்கள்?

“அம்மா, பரீட்ச எழுதினது நான் மட்டுந்தானே?” என்று கத்தினேன்.

அத்தனை பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“ஆமாடி,” என்றார் அம்மா. “எழுதினது நீ மட்டுந்தான்.”