வராமல் போன இரண்டாம் பாகம்

கடை ஷட்டர் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஊர் வைத்த பெயர் இடி. வீட்டுக்குள் உட்கார்ந்து "தண்ணி" என்று அவன் கேட்டால், தெருக்கோடியில் இருப்பவன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். இருபது வருஷமாகத் தகரத்தோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டை, சும்மாவா?

குரல்தான் பெரிசு என்றால் வாய் அதைவிடப் பெரிசு. ஒருமுறை மனைவிக்குக் கடைவாய்ப் பல் ஆடியது. "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க" என்றுதான் சொன்னாள். மறுநாள் காய்கறிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா, பல்லு விழுந்துச்சா, இன்னும் தொங்குதா?" என்று கேட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். அப்புறம் தலைவலி வந்தால்கூட அவனிடம் சொல்லமாட்டாள்.

வீட்டுக்கு ஒரே போன். பகலில் வேலைக்காக இடியின் சட்டைப்பையில் இருக்கும். சாயங்காலம் அவன் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் கையில். அதில் தேடவெல்லாம் அவளுக்குத் தெரியாது. விரலால் தள்ளுவாள், வந்த வீடியோவைப் பார்ப்பாள்.

ஒருநாள் மத்தியானம் டீக்கடை பெஞ்சில் இடி போனைத் திறந்தால், காது டாக்டர். தள்ளினால் இன்னொரு காது டாக்டர். உலகத்தில் உள்ள அத்தனை காது டாக்டரும் அவன் போனுக்குள் மாநாடு போட்டிருந்தார்கள்.

"டேய் எலக்ட்ரீசியன், இங்க பாருடா! நேத்து வரைக்கும் குரங்கு காட்டிச்சு, இன்னைக்கு காதாக் காட்டுது. என்னைப் பாத்தா செவிட்டு மூஞ்சியாவா இருக்கு?"

"உங்ககிட்ட பேசுறவங்களுக்குத்தாண்ணே காது போகும். அவங்களுக்காக அனுப்புதோ என்னவோ!"

கடையே சிரித்தது. எலக்ட்ரீசியன் போனை வாங்கிப் பார்த்தான். "எதை நின்னு பாக்குறோமோ அதையேதான்ணே திரும்பத் திரும்பப் போடும். உங்க போன்ல யாரோ இதை முழுசாப் பாத்திருக்காங்க. வேணாம்னா இந்த மூணு புள்ளியைத் தொட்டு, 'ஆர்வமில்லை'ன்னு அமுக்குங்க."

'யாரோ பாத்திருக்காங்க' காற்றோடு போயிற்று. 'அமுக்குங்க' மட்டும் இடிக்குப் பிடித்துப்போனது. மூட்டைப்பூச்சி நசுக்குகிற மாதிரி ஒரு டாக்டரையும் விடாமல் அமுக்கினான். இரண்டே நாளில் போன் திருந்திவிட்டது. குரங்குகள் குடும்பத்தோடு திரும்பி வந்தன.

மூன்று வாரம் கழித்து இடிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் இடது பக்கம் போய் நின்று, காற்றுக் குரலில், "கொஞ்சம் வெந்நீர் கொடேன்" என்றான். அவள் திரும்பவில்லை.

"மகாராணிக்குக் கோவமா?"

அதற்கும் திரும்பவில்லை. தோளைத் தொட்டான். பதறியதில் கையிலிருந்த தட்டு இடது பக்கமாகப் போய் விழுந்தது. அவள் வலது பக்கம் திரும்பித் தேடினாள்.

இத்தனை நாள் அவன் போட்ட சத்தத்தில், அவளுக்கு ஒரு காது போனதே அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றார்.

"ஒரு மாசம் இருக்கும். காலைல எந்திரிச்சா அடைச்சிருந்துச்சு. உள்ள ஒரே இரைச்சல்."

"உடனே வந்திருந்தா மருந்து கொடுத்துப் பாத்திருக்கலாமேம்மா. இப்ப இந்தக் காது திரும்பறது கஷ்டம். வீட்ல யார்கிட்டயாவது சொல்ல வேண்டாமா?"

அவள் கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "போன்ல ஒரு டாக்டர் பேசினாரு. அழுக்குனாலயும் அடைக்கும்னாரு. எப்ப பயப்படணும்னு ரெண்டாம் பாகத்துல சொல்றேன்னாரு. தினமும் பாத்தேன். வரவே இல்ல, குரங்குதான் வந்துச்சு. பெரிய விஷயமா இருந்தா வந்திருக்கும்லன்னு விட்டுட்டேன்."

இடிக்கு நெஞ்சுக்குள் ஷட்டர் ஸ்பிரிங் அறுந்த மாதிரி இருந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன். கட்டின தொண்டையோடு எல்லாவற்றையும் சொன்னான். டீக்கடையை, மூணு புள்ளியை, அமுக்கி அமுக்கிச் சிரித்ததை. சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அவள் திரும்பினாள். "ஏதாவது சொன்னீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. அவன் பக்கம் இருந்தது இடது காது.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்று அவள் எழுந்து இடம் மாறினாள். இடி ஜன்னலோரம் நகர்ந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னான். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிட நூறு மடங்கு கனத்தது.

அவள் முழுசாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "என் பல்லு ஆடினதை ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்க. இதை எனக்கு மட்டும் சொல்றீங்க."

அவன் அவள் வலது காதுப் பக்கம் குனிந்து, "ஆமா" என்றான்.

"பரவாயில்ல, மெதுவாப் பேச வந்துருச்சு" என்று கொஞ்சமாகச் சிரித்தாள்.

வெளியே கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஷட்டர் விழும் சத்தத்துக்கும், அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று இடி பார்த்துக்கொண்டே வந்தான்.