முப்பத்தோராவது வாரம்

கௌஸ் முகைதீன் பார்த்துக்கொண்ட ஸ்டோரில் ஒரு போல்ட் காணாமல் போனது கிடையாது. ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்துக் கல் அனுப்பும் குவாரி அது. பெல்ட், பேரிங், கிரீஸ் டப்பா எதுவானாலும் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். கீழக்கரையில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனாலும் அவருடைய பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தலைக் காட்ட முடியாது.

அவருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது தம்பி லுக்மான்தான். குடும்பத்தில் பி.யு.சி. தேறிய முதல் ஆள். எழுபத்தாறில் ஸ்பான்சர் அரபியின் வீட்டுக்கு நாலு மாதம் நடையாய் நடந்து, அவரே விசா வாங்கித் தம்பியை வரவழைத்தார். டைம்கீப்பர் வேலை. இன்ஜினீயரிடம் தம்பி இங்கிலீஷில் பேசுவதைக் கேட்க, வேலை இல்லாவிட்டாலும் ஸ்டோர் வாசலில் வந்து நிற்பார்.

கேம்பில் தமிழ் ஆட்கள் இருபது பேருக்குப் படிக்க ஒரே ஒரு வாரப்பத்திரிகை. டிரைவர் ராமையா வியாழக்கிழமைதோறும் சாமான் எடுக்க பிக்கப்பில் துபாய் போவார். பர் துபாயில் ஊர்க்காரர் கடையிலிருந்து, மூன்று வாரம் பழசான இதழை வாங்கி வருவார். அது முதலில் கௌஸ் கைக்கு வரும். பிறகு ரூம் ரூமாகச் சுற்றிவிட்டுத் திரும்ப அவரிடமே வரும். அப்போது தொடர்கதைப் பக்கங்களை ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டி எடுத்து வரிசைப்படுத்தி வைப்பார். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, சிமெண்ட் பைத் தாளில் அட்டை போட்டுவிடுவார். இப்படி ஏழு புத்தகம் சேர்ந்திருந்தது. ஏழிலும் ஒரு பக்கம் குறையாது.

எட்டாவது கதையில் சேகரன் என்று ஒருவன். சென்னையில் தனி அறையில் இருக்கிறான். வேலை போகிறது, சிநேகிதர்கள் போகிறார்கள், தூக்கம் போகிறது. ஆரம்பத்தில் லுக்மான்தான் வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். பத்தாவது வாரத்துக்கு மேல் சத்தமாகப் படிப்பதை விட்டுவிட்டான். தன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு படித்தான். அடுத்த வாரம் வந்துவிட்டதா காக்கா என்று கேட்பதைத் தவிர அண்ணனிடம் வேறு பேச்சு அநேகமாக நின்றுபோனது.

கௌஸ் எல்லாவற்றையும் கவனித்தார். தம்பி ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுவதைப் பார்த்தார். இரண்டாவது முறையும் லீவு மறுத்துக் கடிதம் வந்தபோது அவன் அதைக் கோபமில்லாமல் மடித்து வைத்ததைப் பார்த்தார். மார்ச்சில் டிரான்சிஸ்டரை ராமையாவிடம் கொடுத்தான். ஏப்ரலில் கைக்கடிகாரத்தைச் சமையல்காரனிடம் கொடுத்தான். கேட்டதற்கு, தேவைப்படவில்லை என்றான். ஸ்டோரிலிருந்து சாமான் ஒவ்வொன்றாக வெளியே போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று கௌஸுக்குத் தெரியாதா? தெரிந்தது. வாய்தான் வரவில்லை.

அந்த வார்த்தையைக் கேம்பில் யாரும் சொன்னதில்லை. முந்தின வருஷம் அடுத்த பிளாக்கில் ஒரு மெக்கானிக் அப்படிப் போனான். ஹார்ட் என்று எல்லோரும் பேசி முடிவு செய்தார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதியவர் கௌஸ்தான், அவர் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். இப்போது தன் தம்பியைப் பற்றி அப்படி நினைப்பதே பெரிய பாவம் என்று தோன்றியது. அல்லாஹ்வுக்குப் பயந்த வீடு, படித்த பிள்ளை, அவனுக்கு அப்படி ஒன்றும் இருக்காது என்று தொழுகைக்குத் தொழுகை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை முப்பத்தோராவது வாரம் வந்தது. கீழே ‘முற்றும்’ என்று போட்டிருந்தது. கௌஸ் ஸ்டோரில் நின்றபடியே படித்தார். சேகரன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறான். அதை எழுதியவர் அலையும் நிலவும் காற்றுமாக இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதியிருந்தார். கடைசி வரியில் சேகரன் முகத்தில் நிம்மதி என்று வந்தது.

கௌஸ் ஸ்டோர்க் கதவைச் சாத்தினார். அந்த மூன்று தாள்களை வெட்டி எடுத்து, பேரிங் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மற்றதை வழக்கம்போல ரூமுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். கஸ்டம்ஸில் கிழித்துவிட்டான் போலிருக்கிறது என்றார் கௌஸ். ராமையா சிரித்தார்.

“பொம்பள படத்து மேல மை பூசுவான், சரி. தமிழ் படிச்சுக் கதைய வெட்டுற கஸ்டம்ஸ்காரன் எப்ப வந்தான், பாய்? நம்ம ஊருக்காரனா?”

எல்லோரும் சிரித்தார்கள். லுக்மான் சிரிக்கவில்லை. இதழை வாங்கி, வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

பதினோரு மணிக்கு, ஜும்மா தொழுகைக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டு கௌஸ் ஸ்டோரைப் பூட்டப் போனபோது, லுக்மான் உள்ளே கிரீஸ் டிரம் மேல் உட்கார்ந்திருந்தான்.

“கஸ்டம்ஸ்காரன் ஸ்கேல் வச்சா வெட்டுவான், காக்கா?”

கௌஸ் சாவிக்கொத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார்.

“தைக்கிறதுக்கு அரை இஞ்ச் வேற விட்டு வெட்டியிருக்கான்.” இதழை மடியில் வைத்தான். “நீங்க பக்கம் தொலைக்கிற ஆளில்ல. அப்ப உங்களுக்குத் தெரியும். எப்பயிலேர்ந்து தெரியும்?”

ரேடியோவைக் கொடுத்ததிலிருந்து என்று கௌஸ் சொன்னார்.

“ரெண்டு மாசம்,” என்றான் லுக்மான். “ரெண்டு மாசமா என்னப் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க.”

பூட்டைத் திறந்து தாள்களை எடுத்துக் கொடுப்பதைத் தவிர கௌஸுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. லுக்மான் வாங்கிப் படித்தான். மெதுவாகத்தான் படித்தான். முடித்துவிட்டு, தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி அண்ணனிடமே நீட்டினான்.

“பொய்,” என்றான். “நிலாவாம். நிம்மதியாம். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. தலைக்குள்ள குவாரி ஓடுற மாதிரி இருக்கும். வேற ஒண்ணும் இருக்காது.”

உட்கார்ந்தபடியே தொடர்ந்தான்.

“முப்பத்தோரு வாரத்துல அந்தச் சேகரன ஒருத்தர் கூட என்னன்னு கேக்கல, காக்கா. பால்காரன் வர்றான், வீட்டுக்காரம்மா வர்றா. யாரும் கேக்கல. எழுதினவரும் கேக்க விடல. தனியா இருக்கான்னு எழுதிட்டா வேல முடிஞ்சது.”

“அவன் தனி ரூம்ல இருந்தான்,” என்றார் கௌஸ். “நீ அப்படியா? ரூமுக்கு எட்டுப் பேர் இருக்கோம்.”

“எட்டுப் பேர் இருக்கற ரூம்லதான், காக்கா.”

வெளியே ராமையா பிக்கப்பை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. ஜும்மாவுக்குப் போகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். லுக்மான் இன்னொன்றும் சொன்னான். இந்தக் கதை முடியட்டும் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தானாம். சேகரன் எப்படியாவது தப்பித்தால் அதற்கு ஒரு வழி இருக்கும், அது என்னவென்று பார்த்துவிடலாம் என்று. அதை அவன் அழாமல் சொன்னான். அதுதான் கௌஸைப் பயமுறுத்தியது.

ஹாரன் அடித்தது. பிறகு மறுபடியும் அடித்தது.

கௌஸ் கதவுப் பக்கம் போகவில்லை. போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, எண்ணெய்ப் பிசுக்குத் தரையில், தம்பியின் காலடியில் உட்கார்ந்தார். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு அவனை இப்படித் தொட்டதில்லை.

“தம்பி, செத்துப் போகணும்னு நெனக்கிறியா?”

லுக்மான் தலையை ஆட்டினான். ஆமாம் என்று.

கேட்டுவிட்டால் வானம் இடிந்து விழும் என்று இரண்டு மாதம் பயந்திருந்தார் கௌஸ். தகரக் கூரை அப்படியே இருந்தது.

“இன்னிக்கும் நெனச்சியா?”

“இன்னிக்கும்.”

“சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாத.”

வாசலில் நிழல் விழுந்தது. ராமையா கூப்பிட வந்திருந்தார். உள்ளே பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார். பிக்கப் போகும் சத்தம் கேட்டது. குவாரிக்கு வந்த இத்தனை வருஷத்தில் கௌஸ் முகைதீன் ஜும்மாவை விட்டது அன்று ஒருநாள்தான்.

லுக்மான் சொல்ல ஆரம்பித்தான். முதலில் கோர்வையாக வரவில்லை. நடுநடுவே நிறுத்தினான். நிறுத்தின இடத்திலெல்லாம் கௌஸ், அப்புறம் என்று கேட்டார். அவர் மடியில் கிடந்த மூன்று தாள்களும் நழுவித் தரையில் கிரீஸில் விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.