பூச்சியில்லாத பூ

மலர்க் குடுவைகளை வரைந்த பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பூவின் முன் அந்தரத்தில் நிற்கும் ஒரு பூச்சியைத் தேடிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. கண்டபோதெல்லாம் அது சிறகுகளை முழுமையாக விரித்து, ஒவ்வொரு நரம்பும் தெரியும்படி நின்றது. உயிரோடு பறக்கையில், அடிக்கும் வேகத்தில், அதன் சிறகுகளை எவராலும் அப்படிக் காண இயலாது. ஊசியில் குத்தி உலர்த்திய உடலைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். லாத்தா செத்த பூச்சியைப் பார்த்ததில்லை. ஆகையால் ஒரு தலையணை உறையில், சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நூலால் ஒரு புகைமூட்டத்தை மட்டும் தைத்தாள்.

லாத்தா என் அக்கா. சென்ற மாதம் காரைக்காலில் மௌத்தானாள். அடக்கம் முடிந்து வந்தவர்கள் அவளுடைய பொறுமையைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். எனக்கு அந்தத் தலையணை உறைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் குடும்பங்களில் மணமான பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவரும் நெடுநாள் தங்குவதில்லை. பிழைப்புக்காகக் கடல் கடப்பதைச் சபர் என்போம். லாத்தாவின் மாப்பிள்ளையான மச்சான், கல்யாணமான சில வாரங்களில் சைகோனுக்குச் சபர் போனார். புறப்படுவதற்கு முந்தைய நாட்களில், பிற்பகல் அசர் தொழுதுவிட்டு வந்ததும், லாத்தாவுடன் கொல்லைப்புற ஜன்னலில் நிற்பார். வெளியே இட்லிப்பூச் செடி. ஏறக்குறைய அதே வேளையில் அந்தப் பூச்சி வந்துவிடும். பூவில் உட்காராது, காற்றில் தொங்கியபடியே, தன் உடம்பளவு நீண்ட நாக்கைப் பூவின் குழலுக்குள் விட்டு உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்கு நகரும். அதன் பாரம் எந்த இதழிலும் பட்டதில்லை. அவர்கள் இருவரும் எதற்கோ மெல்லச் சிரிப்பதைக் கேட்டு, சிறுவனான நானும் போய் இடையில் நுழைந்துகொள்வேன்.

வீட்டில் எல்லாரும் அதைத் தேன்சிட்டு என்றே சொன்னோம். லாத்தா ஒருத்திதான் ஒப்பவில்லை.

“சிட்டுக்கு எங்கடா மீசை இருக்கு? நல்லாப் பாரு. அது பூச்சி.”

பார்த்தேன். மீசை இருந்தது. பருந்து அந்துப்பூச்சிகளில் பகலில் பறக்கும் வகை என்பதைப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படித்தறிந்தேன். தோற்றத்திலும் பழக்கத்திலும் அதைப் போன்றதே அந்த ஓவியங்களில் உள்ளதும்.

மச்சானின் வருகை ஒருமுறை தள்ளிப்போனது, பிறகு மறுமுறையும். அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் சைகோனுக்குக் கப்பலேறுவதாக இருந்தார். அவர் கையில் கொடுத்தனுப்ப லாத்தா ஒரு தலையணை உறை தைக்கத் தொடங்கினாள். ஓரத்தில் இட்லிப்பூக் கொத்து. அதன் முன்னே அந்தரத்தில் பூச்சி. தலைவைத்துப் படுக்கும்போது மச்சானுக்கு ஜன்னல் ஞாபகம் வரும், வந்தால் அடுத்த கப்பலில் புறப்பட்டுவிடுவார் என்று என்னிடம் சொன்னாள். இதையெல்லாம் சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை போலும்.

நான் குறை ஒன்று கண்டுபிடித்தேன். சிறகைக் காணோம்.

“பறக்கையில அதோட சிறக யாரு பாத்தா?” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொட்டலம் கட்டும் நாளில் மச்சானின் உம்மா ஊறுகாய்ச் சாடியோடு வந்தார். மகனுக்குப் போகும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து அடுக்கினார். உறையை விரித்தவர் கை நின்றது. பூ இருக்கலாம், பிறை இருக்கலாம், பாய்மரம்கூட இருக்கலாம். உயிருள்ள ஒன்றின் உருவம் இருக்கலாகாது. தொழுகிற அறையில் இதை எப்படி வைப்பான் என்று கேட்டார்.

“அது சிட்டு இல்ல மாமி, பூச்சிதான்,” என்றாள் லாத்தா.

“பூச்சிக்கும் ரூஹு இருக்குல்ல, புள்ளே. அதுவும் உசிருதானே.”

என் உம்மா நடுவில் புகுந்து, தலையின் தையலை மட்டும் பிரித்துவிட்டால் உருவமாகாது என்று வழி சொன்னார். மாமியும் இறங்கிவந்தார். அவர் கடுமையானவர் அல்லர். மகன்மீது பாவம் சேரக்கூடாது என்ற கவலைதான். அதே மகனுக்காக அவரும் வருடக்கணக்கில் காத்திருந்தவர்.

லாத்தா ஊசியைக் கையில் எடுத்தாள்.

“கண்ண எடுத்துட்டா அது எப்படி மாமி பூவுக்கு வரும்?”

“வராட்டி என்ன. பூ இருக்குல்ல, அது போதும்.”

உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். லாத்தா கண்ணைப் பிரித்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, தலையை, உடலை, புகைபோன்ற சிறகை. பூவின் வாயில் நுழைந்திருந்த நாக்கு மட்டும் ஒற்றை இழையாகத் துணியில் நின்றது. அதை அவள் ஏன் விட்டுவைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மாமி உறையை மடித்து ஊறுகாய்ச் சாடிக்கு அடியில் வைத்துக் கட்டினார்.

மச்சான் வந்தது அதற்கு மறுவருடம். வீடு நிறைய ஆட்கள் வந்து போனார்கள். கூட்டம் ஓய்ந்தபின் ஒரு மாலையில் அவர் சாப்பிட உட்கார்ந்தார். லாத்தா பரிமாறினாள். அவர் சைகோனின் மழையைப் பற்றிச் சொன்னார். மறுபடி போகவேண்டிய நாளையும் சொன்னார். அது வெகுதூரத்தில் இல்லை. பிறகு, பாராட்ட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, தலையணை உறை நன்றாயிருந்தது என்றார்.

“பூவுக்குப் பக்கத்துல ஒரு நூலு மட்டும் வெட்டாம விட்டிருந்தே. கத்திரிச்சுட்டேன்.”

“நல்லதுங்க,” என்றாள் லாத்தா.

அந்நேரம் கொல்லையில் பூச்சி வந்துவிட்டது. நான் ஜன்னலுக்கு ஓடி, மச்சானைக் கூப்பிட்டேன். அவர் இருந்த இடத்திலிருந்தே, என்ன சிட்டா என்று கேட்டுவிட்டு, மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். லாத்தா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவர் போதும் என்று கைகாட்டிய பிறகும் இன்னொரு அகப்பை சோற்றைத் தட்டில் வைத்தாள், அதன்மேல் இன்னொன்று. தூரத்திலிருந்து வந்தவருக்குப் பசி அதிகமாயிருக்கும், அதனால்தான் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.