நாற்காலிக்குத் தைத்த கோட்டு

மூன்று வயதில் ஒரு சட்டைப் பட்டனை விழுங்கி, வீட்டை இரண்டு நாள் கதிகலங்க வைத்ததால் அவளுக்குப் பட்டன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. விழுங்கிய பட்டன் பத்திரமாக வெளியே வந்துவிட்டது, பெயர்தான் போகவில்லை. பதினெட்டு வயதான பிறகும் எல்லோருக்கும் அவள் பட்டன்தான்.

எல்லோரும் என்றால் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமே இரண்டு பேர். அம்மா நான்கு வருடமாக வேறொரு நாட்டில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். காலை ஆறு மணிக்குக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், எந்தக் கட்டடத்தில் எது பாதியில் நின்றுபோனதோ அதைப் பொறுத்துத்தான் வீடு திரும்புவார். வந்ததும் "சாப்டியா?" என்பார். "சாப்ட்டேன்பா" என்பாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஜன்னலோரம் அம்மா விட்டுப்போன தையல் மெஷின், பக்கத்தில் அம்மா உட்காரும் மர நாற்காலி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலைகளையெல்லாம் பட்டன் அந்த மெஷினில்தான் ஓட்டித் தள்ளினாள். நோட்டு நோட்டாக உடைகளை வரைவாள், பிடித்ததை வெட்டித் தைப்பாள். தைத்ததை மாட்டிப் பார்க்க ஆள் வேண்டாமா? தானே போட்டுக்கொண்டால் முதுகுப் பக்கம் தெரியாது. அதனால் நாற்காலிக்கு மாட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, நாற்காலி நன்றாகவே ஒத்துழைத்தது. "இங்க இறுக்குது, அங்க பிடிக்குது" என்று ஒருநாளும் முனகியதில்லை.

ஒருமுறை உள்ளே நுழைந்த அப்பா, புதுச் சட்டை போட்டிருந்த நாற்காலியைப் பார்த்து, "யாரு வந்திருக்காங்க?" என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு பட்டன் ஒரு வாரம் ஓட்டினாள்.

ஃபேஷன் டிசைன் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. அப்பா தலையை ஆட்டினார். அம்மா தன் வார்டு முழுக்க, "என் பொண்ணு டிசைனராகப் போறா" என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது வேண்டாம் என்று சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பேச ஒரு விஷயமாவது கிடைத்திருக்கும்.

கல்லூரி நேர்முகத் தேர்வுக்குக் கருநீலக் கோட்டு ஒன்றை எடுத்துப் போனாள். அவள் தைத்ததிலேயே அதுதான் மேல். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நோட்டைப் புரட்டி, "பரவாயில்லையே" என்றார்கள். நடுவில் இருந்த பேராசிரியை, ஃபைல் கொண்டுவந்த அலுவலக உதவியாளரை நிறுத்தி, "கொஞ்சம் இதைப் போட்டுக்குங்கம்மா" என்றார்.

அந்த அம்மாள் போட்டுக்கொண்டார். கோட்டின் தோள் இரண்டும் பலகை மாதிரி நேராக நின்றன. கழுத்து உள்ளே போய்விட்டது. கோட்டுக்குள்ளிருந்து அவர் திருதிருவென்று விழித்தார்.

"இது யாருக்கு அளவெடுத்துத் தச்சது?" என்று பேராசிரியை கேட்டார்.

பட்டனுக்குப் பொய் சொல்ல வராது. "நாற்காலிக்கு" என்றாள்.

சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லைதான். ஆனாலும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"படம் நல்லா போடுற. டிசைன்ல உனக்கு இடம் இருக்கு" என்றார் பேராசிரியை. "பேட்டர்ன் மேக்கிங்லயும் இருக்கு. உடம்பை அளந்து, அதைக் காகிதத்துல வரைஞ்சு வெட்டுற படிப்பு. அதை யாரும் முதல்ல கேக்க மாட்டாங்க. எது வேணும்னு நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வெப்சைட்ல போட்டுடு. அப்புறம் மாத்த முடியாது."

பஸ்ஸில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பைக்கூட மறந்துவிடலாம். இதுவரை பதினோரு உடை தைத்திருக்கிறாள், இன்றைக்கு முன்பு ஒன்றைக்கூட வேறொரு மனிதர்மேல் மாட்டிப் பார்த்ததில்லை. அதைத்தான் மறக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஏண்டி பட்டன், டிசைன்தானே போட்ட?"

"இன்னும் எதுவும் போடலம்மா."

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

நடந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. வாயில் வந்தது வேறு. "அம்மா, உன் தோள் அளவு என்ன?"

"தோளா? அது யாருக்குத் தெரியும்? சரிடி, பிரேக் முடிஞ்சிடுச்சு, வச்சிடறேன்."

அதற்குப் பிறகு போனில் அந்த விண்ணப்பத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நாலரை மணிக்கு அதிசயமாக அப்பா வந்துவிட்டார். அவர் "சாப்டியா?" என்று ஆரம்பிப்பதற்குள் பட்டன் அளவு டேப்போடு எழுந்து வந்தாள்.

"அப்பா, கொஞ்சம் அப்படியே நில்லுங்க. அளவு எடுக்கணும்."

"எனக்கா?" பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர்மேல் கிரீஸ் வாடை அடித்தது. கடைசியாக அப்பாவைத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. கழுத்து, முதுகு, இடது தோள் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். வலது தோளுக்கு வந்தபோது கணக்கு இடித்தது. மறுபடி அளந்தாள். வலது தோள் இடதைவிட ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தது.

"ஏம்பா, இந்தத் தோள் இறங்கியிருக்கே?"

"பைதான். இருபது வருஷமா அந்தப் பக்கமே மாட்டுறேன்ல."

"வலிக்குதா?"

"பழகிடுச்சு. சட்டைதான் ஒரு பக்கமா இழுத்துக்கும். கடைச் சட்டை எல்லாமே அப்படித்தான்."

நான்கு வருடமாக அந்தச் சட்டைகளை அவள்தான் இஸ்திரி போடுகிறாள். அப்பா மாட்டியதும் ஏன் கோணிக்கொள்கிறது என்று கடைக்காரனைத் திட்டியிருக்கிறாளே தவிர, சட்டைக்குள் இருந்தவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. போனை எடுத்து, பேட்டர்ன் மேக்கிங் என்ற இடத்தைத் தொட்டு, உறுதி செய்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "அம்மா டிசைன்னு இல்ல சொல்லிட்டு இருக்கா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்பா. வந்ததும் அம்மாவையும் அளக்கணும்."

"சரி" என்றார். நின்ற இடத்தைவிட்டு அவர் இன்னும் நகரவில்லை. "முடிஞ்சுதா?"

எல்லா அளவும் நோட்டில் ஏறியிருந்தது. பட்டன் நோட்டை மூடி மெஷின்மேல் வைத்தாள்.

"இன்னும் இல்லப்பா" என்று சொல்லி, டேப்பை மறுபடியும் அவர் தோளில் வைத்தாள்.