யேசுராஜின் பானை

சவரியம்மாள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது ஒரு பானையை வைத்துத்தான். எச்சூரிலிருந்து மண்ணூருக்கு ஆபிரகாமின் பெண்டாட்டியாக வந்த மறுநாள், சோறு வடிக்கலாம் என்று மூலையில் இருந்த பானையைத் தூக்கப் போனாள். மாமியார் கொல்லையிலிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"அத்த எடுக்காதம்மா. அது யேசுராஜு பானை. உள்ள பெரிய குடித்தனமே கீது."

மூடியைத் திறந்தால் பானை நிறையத் தலைப்பிரட்டை. யேசுராஜ் அவளுக்குக் கொழுந்தன், அப்போது ஒன்பது வயது. நடுவில் பிறந்த மூன்று பேரும் அம்மையில் போய்விட்டதால், ஆபிரகாமுக்கும் அவனுக்கும் அப்பன் பிள்ளை போல வயது வித்தியாசம். அண்ணன் கலியாணப் பந்தியில்கூட அவன் உட்காரவில்லையாம். அன்றைக்குத்தான் நல்ல மழை பெய்திருந்தது, ஏரிக்குப் போய்விட்டான்.

முதலில் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. பிறகு அவளே பானைக்குத் தண்ணீர் மாற்றினாள். வாலோடு இருந்ததற்குக் கால் முளைத்துவிட்டால் அடுப்படிக்கு ஓடி வந்து அவளைக் கூப்பிடுவான். குதிக்கத் தொடங்கியதும் இரண்டு பேருமாகப் பானையைக் கொண்டுபோய் ஏரியில் விட்டு வருவார்கள். கலியாணமாகி ஆறு வருடம் அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் பானைக்குத்தான் பிள்ளை பிறக்கிறது என்று தண்ணீர்த் துறையில் ஜாடை பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழும் நாளெல்லாம் அவன்தான் அவள் குடத்தைத் தூக்கி வருவான்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஃபிட்டர் படிப்பில் சேர்க்கலாம் என்றான் ஆபிரகாம். மாதா கோயில் சாமியாரோ, பட்டணத்துக் காலேஜில் பூச்சி, மீன், தவளை எல்லாவற்றையும் பற்றிப் படிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு யேசுராஜுக்கு வேறு பேச்சு இல்லை.

"தவளையப் படிச்சவன இன்னா வேலைக்குக் கூப்புடுவான்? மழையில கத்தறதுக்கா?" என்றான் ஆபிரகாம்.

புருஷன் பேச்சுக்கு அதுவரை எதிர்ப்பேச்சு பேசாத சவரியம்மாள் அன்றைக்குப் பேசினாள். "ஒம்போது வயசுலேர்ந்து அத்தத்தான் படிச்சிகினு கீறான். போவட்டும் வுடுங்க."

போனான். லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து, தவளை தோலாலும் மூச்சு விடும் அண்ணி என்று கதைகதையாகச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். வகுப்புக்குத் தவளை வேண்டும், யார் ஊரில் கிடைக்கும் என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். எங்கள் ஏரியில் இருப்பது போல எங்கேயும் இல்லை என்று இவன் எழுந்து சொல்லியிருக்கிறான். கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று அவனுக்கு நினைப்பு. கிராமத்துப் பிள்ளை, எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பொழுது சாய இரண்டு பேரும் ஏரியில் இறங்கினார்கள். அவன் பிடித்துப் போட்டான், அவள் கோணிப்பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள். காய்ந்துவிடக் கூடாது என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொம்புத் தண்ணீரைத் தெளித்தபடி போனானாம்.

அந்த வாரமே டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தான். அம்மாவிடம் பேசவில்லை, அண்ணனிடம் பேசவில்லை. அடுப்படியில் வந்து உட்கார்ந்தான்.

"மயக்கம் குடுத்து, மெழுகுத் தட்டுல குண்டூசி குத்தி மல்லாத்தி வெச்சாங்க அண்ணி. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. கீறுன்னாங்க. கீறிட்டேன். உள்ள நெஞ்சு துடிச்சிகினே இருந்துச்சி. நம்ம ஏரித் தவளை அண்ணி. நாந்தான இட்டுகினு போனேன்."

அவள் சோறு போட்டாள். அவன் தொடவில்லை.

ஆபிரகாம் கத்திப் பார்த்தான். கடவுள் எல்லா ஜீவனையும் மனுஷனுக்காகத்தான் படைத்தார் என்று சாமியார் எடுத்துச் சொன்னார். காலேஜில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்கள். கடைசியாகச் சவரியம்மாள் கேட்டாள், வேறு படிப்பாவது படிக்கலாமே தம்பி என்று.

"வேற எனக்கு இன்னா தெரியும் அண்ணி?"

அதற்குமேல் யாரும் அவனைப் படிக்கச் சொல்லவில்லை. பானையைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்தான். அந்த மழைக்காலத்தில் ஏரியில் சத்தம் கிளம்பினால் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தான். அடுத்த மழைக்கு முன்னால் அம்பத்தூருக்கு வேலை தேடிப் போய்விட்டான்.

அதன்பிறகு வெயில் காலத்தில், கோயில் திருவிழாவுக்கு மட்டும் வந்தான். மாமியார் இறந்தது ஐப்பசியில். வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு, கை நனைக்காமல், விளக்கு வைப்பதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பினான். பெற்றவளுக்காக ஒரு ராத்திரி தங்காத கல் நெஞ்சன் என்று உறவுமுறையெல்லாம் ஏசியது. சவரியம்மாள் மட்டும் தங்கச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை அவனோடு வேகமாக நடந்தாள். ஏரியில் ஒன்று இரண்டு கத்தத் தொடங்கியிருந்தன.

யேசுராஜ் இப்போது அம்பத்தூரில் ஒரு நூல் குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறான். கலியாணம் செய்துகொள்ளவில்லை.